மேடத்தைத் திருப்பிக் கேட்டபோது

நான் கொழும்பிலிருந்து வந்து இறங்கிய மறுநாளே என் தோழி என் மாட்டைத் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். பஸ்ஸில் வந்த களைப்புக்கூட எனக்கு இன்னும் போகவில்லை. அவள் வீட்டு முன்திண்ணை இஸ்தோப்பில் உட்கார்ந்து, அவள் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே, "சரி புள்ள, நாளைக்கு வந்து மாட்டை அவுத்துக்கிட்டுப் போறேன்" என்றேன். அவள் உள்ளே அடுப்பில் ரொட்டியைத் திருப்பிப் போட்டபடி, "எந்த மாட்டை?" என்று கேட்டாள். விளையாட்டுக்குத்தான் கேட்கிறாள் என்று நினைத்து நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அந்த 'எந்த மாட்டை'யை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இத்தனைக்கும் இப்போது நாங்கள் இரண்டு பேரும் ஒரே கத்தியை மாற்றி மாற்றித் தீட்டிப் புல்லறுக்கிறவர்கள்.

அந்த மாடு, என் மகள் பிறந்தபோது என் அப்பா கொடுத்த கிடாரிக் கன்று. "பிள்ளை நடந்து திரியிற காலத்துல இது பால் குடுக்கும்" என்று சொல்லிக் கொடுத்தார். அவர் சொன்னபடியேதான் நடந்தது. மகள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்து வாசலில் ஓடி விளையாடத் தொடங்கிய வருடம் அது முதல் கன்று போட்டது. நல்ல கறவை. கறுப்பு உடம்பு, நெற்றியில் மட்டும் வெள்ளை. நான் அதைக் குட்டி என்று கூப்பிடுவேன். குட்டி என்று கூப்பிட்டால் மானாப்புல்லுக்குள் இருந்து தலையை மட்டும் தூக்கிப் பார்க்கும்.

பிறகு என் வீட்டுக்காரர் காய்ச்சலில் இறந்துபோனார். சாமான் விலையெல்லாம் ஏறிய வருடத்தில், கொழுந்தெடுத்து வரும் சம்பளமும் மாட்டுப் பாலும் சேர்ந்தும் ஒரு வீட்டுக்குப் போதவில்லை. கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் சமையலுக்கு ஆள் வேண்டும் என்றார்கள். மகளை அடுத்த லயத்தில் இருந்த என் அக்காவிடம் விட்டேன். மாட்டைத் தோழியிடம் விட்டேன். விட்டேன் என்று இப்போது ஒரே மாதிரிதான் எழுத வருகிறது. இரண்டுக்கும் அன்றைக்கு நான் அழுத அழுகை ஒன்றாக இருக்கவில்லை.

தோழி என்றால் பழக்கத்துக்குத் தோழி இல்லை. பதினெட்டு வயதில் இரண்டு பேரும் ஒரே நாளில், விடிய வேலைக்கு ஆள் எடுக்கிற பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்தவர்கள். ஒரே மலையில் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்தெடுத்தவர்கள். அவள் கை சோர்ந்தால் என் கூடையிலிருந்து ஒரு பிடி அவள் கூடைக்குப் போகும், என் கை சோர்ந்தால் அவளுடையது வரும். அதனால் மாட்டை யாரிடம் விடுவது என்று நான் யோசிக்கவே இல்லை. பங்குக்கு விட்டேன். பங்கு என்றால் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும்: பால் பார்க்கிறவளுக்கு, கன்றுகளில் பாதி அவளுக்கு, பாதி எனக்கு, தாய் மாடு எப்போதும் என்னுடையது. இதையெல்லாம் நாங்கள் வாய்விட்டுப் பேசிக்கொண்டதாக எனக்கு நினைவில்லை. தெரிந்த விஷயத்தை எதற்குப் பேசுவது?

முதல் இரண்டு வருடம் அவள் எனக்கு வாட்ஸ்அப்பில் மாட்டின் படம் அனுப்பிக்கொண்டே இருந்தாள். ஒருமுறை குரல் பதிவு வந்தது. என்னவோ ஏதோ என்று பயந்து, வெள்ளவத்தை அம்மாவின் அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டால், நீளமாக ஒரு 'ம்மா...', அதற்குப் பின்னால் அவள் குரல்: "மேடம் பேசுறாங்க." மாட்டுக்கு மேடம் என்று பெயர் வைத்துவிட்டாள். நடை அப்படி இருக்கிறதாம், தோட்டத் துரையின் மனைவி பங்களாவிலிருந்து இறங்கி வருகிற மாதிரி. நான் தனியாக நின்று சிரித்ததைப் பார்த்து அந்த வீட்டம்மா என்ன என்று கேட்டார். பிறகு அவளுடைய போன் பீலிக் குழாய்த் தண்ணீரில் விழுந்து கெட்டுப்போனது. அதற்குப் பிறகு படமும் இல்லை, மேடமும் பேசவில்லை.

நான் திரும்பி வந்த காரணம் என் மகள். போன தீபாவளிக்கு லீவில் வந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. வாசலில் என்னைக் கண்டதும் ஓடி வரவில்லை. என் பையை வாங்கி வைத்துவிட்டு, "உக்காருங்க, தேத்தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டாள். அவ்வளவு மரியாதை. விருந்தாளியிடம் எப்படிக் கேட்கவேண்டும் என்று அக்கா நன்றாகத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அக்காவை அவள் அம்மா என்கிறாள், என்னைக் கொழும்பு அம்மா என்கிறாள். நான் தேத்தண்ணியைக் குடித்தேன். கொழும்புக்குப் போகும் பஸ்ஸில் கினிகத்தேனை ஊரைத் தாண்டும் வரைக்கும் அழுதேன். இனி லீவில் வரமாட்டேன், வந்தால் இருப்பதற்கு வருவேன் என்று அந்தப் பயணத்தில்தான் முடிவெடுத்தேன்.

இருப்பதென்றால் வெறுங்கையோடு இருக்க முடியாது. என் பெயரைத் தோட்டம் எப்போதோ வெட்டிவிட்டது. அன்றன்றைக்குக் கூலி தருகிற கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கலாம், அதுவும் கொழுந்து அதிகமாக உள்ள நாட்களில்தான் கூப்பிடுவார்கள். மிச்சமிருந்தது மாடு. எங்கள் சந்திக்குத் தினமும் விடிய பால் லொறி வருகிறது. மேடம் கறக்கிற பால் இருந்தால் நானும் மகளும் அக்கா வீட்டுப் பக்கத்து ஒற்றையறைக் காம்பராவில் கஞ்சியோ ரொட்டியோ குடித்துத் தின்று இருந்துவிடலாம். மாடு இல்லையென்றால் திரும்பவும் பஸ். வெள்ளவத்தை அம்மா மாதக் கடைசி வரைக்கும்தான் தவணை கொடுத்திருந்தார். அதற்குள் வரவில்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்.

இந்த நிலைமையில்தான் 'எந்த மாட்டை?'

"என் மாட்டைத்தான்" என்றேன்.

"ஒன் மாடு எங்க இருக்கு? எனக்குக் குடுத்துட்டுத்தானே போன."

"பங்குக்குத்தான்டி குடுத்தேன்!"

"பங்குக்குக் குடுக்கிறவ கயித்தை அவுத்துக்கிட்டாப் போவா?"

விஷயம் இதுதான். எங்கள் ஆட்கள் மாட்டை விற்றால் கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள். விற்கிறவர் தன் கயிற்றைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார், வாங்குகிறவர் புதுக் கயிறு கொண்டுவந்து கட்டி ஓட்டிப் போவார். கயிற்றோடு கொடுத்தால் பட்டியின் அதிர்ஷ்டமும் கூடவே போய்விடும் என்று பயம். பங்குக்கு விடுகிற மாடு என்றால் அதே கயிற்றோடு போகும், ஏனென்றால் மாடு இன்னும் விட்டவருடையது. இது எனக்குத் தெரியாத வழக்கம் இல்லை. ஆனால் நான் கொழும்புக்குப் போன அன்று கயிறு இற்றுப்போய் முடிச்சு முடிச்சாக இருந்தது. அவள் கடையில் ஒரு புது நைலோன் கயிறு வாங்கி வந்திருந்தாள். மாட்டுக்கு நல்லதுதானே என்று பழையதைக் கழற்றினேன், அவள் புதியதைக் கட்டினாள். சரி, அதோடு நிறுத்தினேனா? என் துணி வைத்த கார்ட்போர்ட் பெட்டி வாய் பிளந்துகொண்டிருந்தது. கையில் இருந்த மாட்டுக் கயிற்றால் அதை நான்கு சுற்றுச் சுற்றி, தலையில் தூக்கிக்கொண்டு, லயமே பார்த்துக்கொண்டிருக்க பஸ் ஏறினேன்.

மாட்டை விற்றவள் கூட இவ்வளவு பகிரங்கமாகக் கயிற்றைக் கொண்டுபோயிருக்க மாட்டாள்.

"பெட்டி கட்டக் கயிறில்லாம எடுத்தேன்டி, கூறு கெட்டவளே" என்று கத்தினேன். "அது ஒனக்குத்தானே தெரியும்" என்று அவள் ரொட்டியை இறக்கினாள். அந்த ரொட்டியில் எனக்கு ஒன்றை வைத்தும் கொடுத்தாள். நான் அதைத் தொடாமல் எழுந்து வந்தேன். பசியோடு வந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சொல்லிக் கேட்காதவளிடம் என்ன பேச்சு என்று, அடுத்த நாள் அவள் மலைக்குப் போன பிறகு நானே மாட்டுப்பட்டிக்குப் போனேன். மாடு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் அதன் கிடாரிக் கன்று. குட்டி, குட்டி என்று கூப்பிட்டேன். காதைக் கூட ஆட்டவில்லை. என் குரலை மறந்திருக்காது, மெதுவாக நினைவு வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அவிழ்த்து இழுத்தேன். லயத்துப் படிகளில் நான் மேலே இழுக்க, அது கீழே இழுக்க, வேலைக்குப் போகாத கிழவிகளும் பள்ளிக்குப் போகாத பிள்ளைகளும் வாசலுக்கு வாசல் நின்று பார்த்தார்கள். அக்கா வீட்டுக்குப் பின்னால் கொய்யா மரத்தில் கொண்டுபோய்க் கட்டினேன். புல் போட்டேன், தின்னவில்லை. புண்ணாக்குக் கரைத்து வைத்தேன், முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மதியம் வரைக்கும் நிறுத்தாமல் கத்தியது.

மதியச் சாப்பாட்டுக்கு மலையிலிருந்து வந்தவள் விஷயத்தைக் கேள்விப்பட்டு, மேலே ஏறிக்கூட வரவில்லை. கீழே ரோட்டில் நின்றபடி, "மேடம்!" என்று ஒரே ஒரு சத்தம் கொடுத்தாள். அவ்வளவுதான். முடிச்சு உருவிக்கொண்டு, அக்காவின் லீக்ஸ் பாத்தியை மிதித்துக்கொண்டு, இரண்டு வேலியைத் தாண்டி மாடு இறங்கி ஓடியது. நான் செருப்பை விட்டுவிட்டுப் பின்னால் ஓடி, பாதியில் சறுக்கி, லீக்ஸ் பாத்தியிலேயே உட்கார்ந்துவிட்டேன். லயமே சிரித்தது. எனக்கு அழுகை வந்தது. நான்கு வருடம் யார் புல் போட்டார்களோ அவர்களிடம்தானே அது போகும்? அதன்மேல் குற்றம் சொல்ல முடியவில்லை. அந்த நேரத்தில் நான் மாட்டைப் பற்றி மட்டும் நினைத்து அழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முற்றத்தில் தோட்டத்துத் தலைவர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு வைத்து விசாரித்தார். நான் நன்றாகப் பேசத் தயாராகித்தான் போனேன். அவர் என்னைப் பேசவே விடவில்லை. இரண்டே கேள்வி கேட்டார்.

"கயித்தை நீங்கதான் அவுத்தீங்களா?"

"ஆமா, ஆனா..."

"புதுக் கயிறு இவங்க கொண்டாந்ததா?"

"ஆமாங்க, ஆனா அது..."

"பொறகு என்னம்மா? கயிறு மாத்தியாச்சுன்னா மாட்டைக் குடுத்தாச்சுன்னுதானே நாங்க எடுத்துக்குவோம். நீங்க அந்தக் கயித்தோட பஸ் ஏறுனதை நானே பாத்தேனே."

"அப்ப என்ன வெலைக்கு வித்தேன்னும் நீங்களே சொல்லிருங்க!" என்று கத்தினேன். ஓசியில் யாராவது மாட்டை விற்பார்களா? அதற்கு அவர், சிநேகிதத்தில் சும்மாவும் கொடுப்பார்கள் என்றார். கூட்டத்தில் ஆமாம் ஆமாம் என்று நாலு குரல் கேட்டது. ஒரு நாளாவது சாணி அள்ளியிராத ஆண்கள் எல்லாம் அன்றைக்குக் கயிற்றைப் பற்றிப் பெரிய பெரிய பேச்சாகப் பேசினார்கள். அவள் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஜெயித்தவள் மாதிரி இல்லை. எனக்கு அப்போது அதைக் கவனிக்கிற பொறுமை இருக்கவில்லை.

அதோடு எனக்குத் தெம்பு விட்டுப் போனது. மாதக் கடைசிக்கு இன்னும் ஒரு கிழமையும் கொஞ்சமும், ஒன்பது பத்து நாள்தான். வெள்ளவத்தை அம்மா போன் எடுத்து, "வர்றீங்கதானே?" என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது? துணியை எல்லாம் துவைத்துக் காயப்போட்டு மடித்து வைத்தேன். மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மடிக்க உதவி செய்தாள். எப்போது போகிறீர்கள் என்று கேட்கவில்லை. கேட்காவிட்டால் எனக்குப் பதில் சொல்லும் வேலை மிச்சம் என்று அவள் நினைத்திருக்கலாம். அந்தப் பிள்ளை என் சட்டைகளை அவ்வளவு ஒழுங்காக மடித்து வைத்ததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் பின்னேரம் காய்ந்த அக்கா வீட்டுத் துணியை எடுக்க வெளியே வந்தவள், கீழே வளைவில் ஒரு சின்ன லொறி நிற்பதைக் கண்டேன். பின்பக்கம் கம்பு அடைத்த லொறி. மாட்டு வியாபாரியுடையது. அது நின்ற இடம் தோழியின் மாட்டுப்பட்டிக்கு நேர் கீழே. ஓகோ, இதற்குத்தானா இவ்வளவு நாடகம், என் மாட்டை என் கண்ணெதிரிலேயே விற்கப் பார்க்கிறாளா என்று எனக்குத் தலைக்கேறிவிட்டது. படியில் இறங்கினேனா பறந்தேனா தெரியவில்லை.

அங்கே போய்ப் பார்த்தால், அவள் பட்டி வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறாள். கையில் புல்லறுக்கிற கத்தி. ஒரு தோளைத் தூக்க முடியாமல் தூக்கி, அந்த வியாபாரியைப் பார்த்துக் கத்துகிறாள். "ஏறு, லொறியில ஏறிப் போயிரு. இந்தப் பட்டிக்குள்ள காலை வச்ச, காலு இருக்காது!" வியாபாரி பாவம், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் பின்னால் போகிறார்.

என்னைக் கண்டதும் கத்தி என் பக்கம் திரும்பியது. "வந்துட்டியா? ஆளை அனுப்பிட்டுப் பின்னாலேயே வந்துட்டியா?"

"நான் யாரை அனுப்பினேன்? நீதானே விக்கப் பாக்கிற!"

"நான் விக்கிறேனா?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வியாபாரியைப் பார்த்தோம். அவர் தலையைச் சொறிந்தார். "எனக்கு என்னம்மா தெரியும்? மேல் லயத்து மச்சான்தான் சொன்னாரு, கொழும்புல இருந்து வந்த அக்கா மாட்டை விக்கப் போறாங்க, போய்ப் பாருன்னு."

மேல் லயத்து மச்சான் என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். மாட்டை விற்றால் காம்பராவுக்குப் புதுத் தகரம் போடலாம், மிச்சத்தை எடுத்துக்கொண்டு நான் கொழும்புக்குப் போகலாம் என்று அவர் தனக்குத் தானே ஒரு திட்டம் போட்டு, எனக்கு உதவி செய்வதாக நினைத்து, நான் வந்த அன்றைக்கே ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். நான் தேத்தண்ணி குடிக்க அவள் வீட்டுக்குப் போவதற்கு முன்னாலேயே அந்தப் பேச்சு அவள் காதுக்குப் போய்விட்டது.

லொறி போன பிறகு அவள் கத்தியைச் சுவரில் சொருகினாள். "கீழ் லயத்துக்காரி டுபாயில இருந்து வந்தா, மாட்டை வித்தா. கடைசிக் காம்பராக்காரி மகளைக் கட்டிக் குடுக்கணும்னு வந்தா, வித்தா. ரெண்டையும் இதே லொறியில ஏத்துனதை இங்க நின்னு பாத்தவ நான். ஒண்ணு படியில முட்டி போட்டு ஏறமாட்டேன்னுச்சு. வாலை முறுக்கி ஏத்துனாங்க. நீயும் வந்து ஒக்காந்த ஒடனே அவுத்துக்கிட்டுப் போறேங்கிற. நான் வேற என்னத்தைச் சொல்லி மறிக்கிறது? கயித்தைச் சொன்னேன்."

"அப்ப கயிறு கதையை நீயும் நம்பல?"

"பெட்டி வாயைப் பொளந்துக்கிட்டு இருந்ததை நானும் பாத்தேன்ல. ஒன் பெட்டிக்கு முடிச்சுப் போட்டதே நான்தானே."

இதைக் கேட்டதும் எனக்கு அவளை அறையவேண்டும் போலவும் இருந்தது, கட்டிப் பிடிக்கவேண்டும் போலவும் இருந்தது. கோயில் முற்றத்தில் லயமே பார்க்க என்னை நிற்க வைத்தாளே! "நான் விக்கவாடி வந்தேன்?" என்று கத்தினேன். "இருக்க வந்தேன். இருக்கத்தான் வந்தேன்!"

"இருக்கவா? இங்கயா?"

"பின்ன எங்க? என் பிள்ளை என்னை விருந்தாளியாட்டம் பாக்குது. இந்த மாட்டை நம்பித்தான் கொழும்பு வீட்டை விட்டுட்டு வந்தேன்."

இப்போது அவளுக்குக் கோபம் வந்தது. எனக்கு வந்ததைவிட இரண்டு மடங்கு. "அதை மொதல்ல சொல்லித் தொலைச்சா என்ன? வந்த, தேத்தண்ணி குடிச்ச, அவுத்துக்கிட்டுப் போறேன்ன. நீ எப்படி இருக்க, ஒடம்பு எப்படி இருக்கு, மேடம் எப்படி இருக்காங்கன்னு ஒரு வார்த்தை கேட்டியா?" நான் கேட்டேன் என்றுதான் இன்றைக்கும் சொல்கிறேன். அவள் கேட்கவில்லை என்கிறாள். இந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

அவள் தோளைப் பற்றி அவள் சொல்லி எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஒரு வருடமாகக் கூடை தூக்க முடியவில்லை, கொழுந்து எடை சேர்வதில்லை, பல நாட்களில் அரைப்பேர்தான் விழுகிறது. அரைப்பேர் என்றால் பாதி நாள் சம்பளம். மாட்டுப் பால் இல்லையென்றால் அவளும் பெட்டி கட்டவேண்டியவள்தான். ஒரே ஒரு மாடு, அதை நம்பி இரண்டு பெண்கள். யாரோ ஒருத்திதான் பஸ் ஏறவேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றியது. மாட்டைக் கொடுக்கிறாயா என்று கேட்க வாய் வரவில்லை. அவளும் தருகிறேன் என்று சொல்லவில்லை. மேலே வந்துவிட்டேன்.

அடுத்த நாள் விடிய அக்கா வீட்டுக் கதவைத் தட்டினாள். "வா. புல்லறுக்கணும்" என்றாள். நான் ஒரு சாரத்தை இடுப்பில் சுற்றிக்கொண்டு, அட்டை ஏறாமலிருக்கக் காலுக்குச் சவர்க்காரம் பூசிக்கொண்டு போனேன். கொழும்பில் இருந்த நான்கு வருடத்தில் அட்டைகள் என்னை மறந்திருக்கும் என்று நினைத்தேன். மாடு மறந்தது, அட்டை மறக்கவில்லை. சவர்க்காரத்தையும் தாண்டி ஏறின.

அடுத்தடுத்த நாட்களிலும் அப்படித்தான். நான் அறுத்துக் கட்டித் தூக்கி வருவேன், அவள் தோளுக்கு நோவாமல் பரப்பிப் போடுவாள். இவ்வளவு நாளும் அவள் ஒற்றைக் கையால் அறுத்த புல் தாய்க்கும் கிடாரிக்கும் போதாமல் இருந்திருக்கிறது. கிடாரியின் விலா எலும்பு தெரிந்தது. இரண்டு பேர் அறுக்கத் தொடங்கியதும் தொட்டியில் மிச்சம் விழுந்தது. மேடம் பால் கூட்டினார். மேடத்தை மரியாதை இல்லாமல் எழுத எனக்கும் இப்போது வருவதில்லை.

கறக்க உட்கார்ந்த முதல் நாள் ஒரு உதை விட்டார். செம்பு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். தோழி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பேரைச் சொல்லிக் கும்பிட்டுட்டு ஒக்காரு" என்றாள். என் அப்பா கொடுத்த மாட்டிடம், நான் பெயர் வைத்த மாட்டிடம், "மேடம், கொஞ்சம் கால் வைங்க" என்று கெஞ்சினேன். கால் வைத்தார். பால் இறங்கியது. உண்மையைச் சொன்னால், அந்தச் செம்பில் பால் விழுந்த சத்தத்தில் என் மனசு நிறைந்துபோனது.

ஆனால் இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதே மாதமும் முடிந்துகொண்டிருந்தது. நான் மாட்டுக்காரியா, அவளுக்குப் புல்லறுக்கும் கூலியா என்று எனக்கே தெரியாது. பால் அவள் பெயரில்தான் லொறிக்குப் போனது. மடித்து வைத்த துணி மூட்டை மடித்தபடியே இருந்தது. மகள் அதைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள், பள்ளிக்குப் போவாள்.

மாதம் முடிவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது, கறந்து முடிந்ததும் தோழி கேனைத் தூக்கி என் கையில் கொடுத்தாள். தோள் வலி அதிகமோ என்று நினைத்து வாங்கிக்கொண்டு கூடவே நடந்தேன். சந்தியில் வழக்கம்போல மூடுபனிக்குள் ஏழெட்டுப் பேர் கேனோடு நின்றார்கள். தலைவரும் தன் வீட்டுப் பாலோடு நின்றார். லொறித் தம்பி சிங்களப் பையன், எங்களோடு பழகித் தமிழ் பேசுவான். எங்கள் முறை வந்ததும் பாலில் மீட்டரைப் போட்டுப் பார்த்துவிட்டு, வழக்கம்போல அவள் பெயரைச் சொல்லி எழுதப் போனான்.

"மல்லி, நில்லு" என்று சிங்களத்தில் தம்பி முறை வைத்து நிறுத்தினாள் அவள். "இனிமே காலையில பால் இவ பேர்ல போடு. பின்னேரப் பாலை நான் லயத்துக்குக் குடுத்துக்குவேன்." என் பெயரைச் சொன்னாள்.

அவன் ஆச்சரியமாக, "அக்கே, மாட்டை வித்தாச்சா?" என்று கேட்டான்.

"விக்கிறதா? மாடு மொதல்ல இருந்தே இவளோடதுதான். இவ கொழும்புக்குப் போயிருந்தா. நான் பாத்துக்கிட்டு இருந்தேன், அவ்வளவுதான்."

எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். தலைவர் தன் கேன் மூடியைத் திறந்து, உள்ளே எதையோ தேடுகிற மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஒரு வார்த்தைக்காக நான் எத்தனை பேரிடம் கத்தியிருப்பேன்! கேனைத் தூக்கிப் பாலை ஊற்றினேன், அவசரத்தில் கொஞ்சம் சிந்தியது. "சிந்தாம ஊத்துடி" என்று திட்டினாள்.

மாடு இன்னும் அவள் பட்டியில்தான் நிற்கிறது. எனக்குத் திருப்பித் தரவே இல்லை என்றும் சொல்லலாம். கொண்டுபோனாலும் இருக்காது. அதனால் விடியவும் பின்னேரமும் நான்தான் இறங்கிப் போகிறேன். லீவு நாட்களில் மகளும் வருகிறாள், கிடாரிக்குப் புல் போட. கிடாரிக்கு என்ன பெயர் வைப்பது என்று அவளும் தோழியும் இன்னும் சண்டை பிடிக்கிறார்கள்.

அன்றைக்குச் சந்தியிலிருந்து வந்த கையோடு, வெறும் கேனைக் கீழே வைப்பதற்கு முன்னாலேயே வெள்ளவத்தைக்குப் போன் எடுத்தேன். வரமாட்டேன், வேறு ஆளைப் பாருங்கள் என்று சொன்னேன். அந்த அம்மா நல்லவர், கோபப்படவில்லை. ஏன், சம்பளம் போதவில்லையா, யாரும் ஏதும் சொன்னார்களா என்று கேட்டார்.

"அதெல்லாம் இல்லம்மா" என்றேன். "எனக்கு இங்க ஒரு மாடு இருக்கு."